பாங்காக்கில் நீ தின்னாத முட்டை

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்குப் பொறுமையில்லை. நீ நலமாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது. வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் இது மெட்ராஸில் உன் கம்பெனி விடுதிக்கு வந்து சேர்ந்துவிடும். நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். நேரில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்துவேன், நீ முதல் வாக்கியத்துக்கே தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவாய். அப்படித்தான் இத்தனை வருடம் நடந்தது. எனக்கு வயது நாற்பத்திரண்டு. புத்திமதி சொல்கிற வயதாக எனக்கே தோன்றவில்லை. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கடைசிப் பரீட்சைக்கு நான் படித்தபோது நீ பக்கத்தில் தூளியில் அழுதுகொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் எஞ்சின். வாலாஜாபாத் ரைஸ்மில்லில் டீசல் எஞ்சினைக் காலையில் கிளப்பி, சாயங்காலம் நிறுத்தி, இடையில் அது எதற்காக முனகுகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் என் வேலை. எஞ்சின் முனகும். நீ அதுகூடச் செய்ததில்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பாங்காக்கிலிருந்து தொடங்குகிறேன். நீ அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை என்பதால் நான் பேசுகிறேன். ஆசிய நாடுகளின் இளைஞர் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டிக்கு இந்திய அணியில் உன் பெயர் வந்த செய்தியைத் தபால்காரர் கொண்டுவரவில்லை, உன் மாமா கொண்டுவந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் டீக்கடைப் பேப்பரில் பார்த்துவிட்டு, பேப்பரையே உருவிக்கொண்டு ஓடிவந்தார். உங்கம்மாவின் அண்ணன் என்பதோடு அவர் தெருவுக்கே நாட்டாமை மாதிரி. தெருவில் அவர் சொன்னால் தறி நிற்கும். அமாவாசைக்கு அமாவாசை தறிகள் நிற்கிற நாளில்தானே நீங்கள் எல்லாரும் கோயில் பின்புறத்து மைதானத்தில் பந்து உதைக்கக் கற்றுக்கொண்டீர்கள்? மாதத்துக்கு ஒரு விடுமுறை நாளில் கற்றுக்கொண்டு நாட்டுக்கு ஆடப் போகிறவன் என்று எனக்கு உன்மேல் பெருமை இருந்தது. அதை உன்னிடம் சொன்னேனா என்பது ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் முன்னால் தெரு கூடியது. நீ ஜெயித்து வர அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டுவது என்று உன் மாமா முடிவெடுத்தார். ஆடித் திருவிழாவுக்கு, தீ மிதிக்கிறவனுக்குக் கட்டுகிற மஞ்சள் காப்பைப் பந்து விளையாடப் போகிறவன் மணிக்கட்டில் கட்டுவது இந்தப் பூமியிலேயே நம் தெருவுக்கு மட்டும்தான் தோன்றும். காப்புக் கட்டினால் கவுச்சி தொடக்கூடாது, முட்டைகூடக் கூடாது. மெத்தையில் படுக்கக்கூடாது. ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக்கூடாது. கடைசி விதியைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். பையன் கடலே தாண்டப் போகிறான், எல்லை தாண்டாமல் எப்படிப் போவான் என்று கேட்டேன். உன் மாமா அதற்கும் வழி வைத்திருந்தார். அவனுக்குப் பதிலாகத் தெருவே எல்லையைக் காக்கும், அவன் திரும்பி வரும்வரை ஒரு வீட்டிலும் கவுச்சி இல்லை, ஒருவரும் வெளியூரில் தங்குவதில்லை என்றார். எல்லாரும் சரி என்றார்கள். கறிக்கடை பாய் மட்டும் தெருமுனையில் நின்று, "இன்னா மொதலியாரே, கோல் அவன் போடறான், கடைய நான் சாத்தணுமா?" என்று கேட்டார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அறிவோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

நான் அன்றைக்கே உன் மாமாவிடம் சொன்னேன். தொண்ணூறு நிமிடம் ஓடுகிற பையனுக்கு இறைச்சி வேண்டும், முட்டை வேண்டும், நல்ல தூக்கம் வேண்டும், பயிற்சி முகாமில் அதைத்தானே போட்டு வளர்த்தார்கள் என்றேன். எண்ணெய் ஊற்றாத எஞ்சினுக்குப் பூஜை போட்டு என்ன பிரயோஜனம் என்றும் கேட்டேன். உங்கம்மா உள்ளேயிருந்து, "அம்மனாண்ட போயி எஞ்சினு கிஞ்சினுன்னு பேசாதீங்க" என்றாள். நீ காப்புக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன்னிடம் தனியாகக் கேட்டேன், உனக்கு இது இஷ்டமா என்று. "இருக்கட்டும்பா, எல்லாரும் ஆசப்படறாங்க" என்றாய். ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் வீட்டில் ரசம் சாதம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஓட வேண்டியவன் நீ ஒருவன். அதை உனக்குப் புரியவைக்கும்வரை நான் விட்டிருக்கக்கூடாது. ஆனால் மறுநாள் உனக்கு ரயில். எனக்கு மில்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியும், என்றாலும் என் வாயால் கேட்டதில்லை. அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் மில் வாசல் வரை அடுக்கியிருந்த நேரம். எஞ்சினில் பேரிங் போய்விட்டது. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்திச் சத்தம் சரியாகும்வரை நான் வாலாஜாபாத்தை விட்டு வர முடியவில்லை, அங்கேயே தங்கினேன். மில் ஆட்களோடு பஸ் நிலையத்துப் பக்கம் போய்ப் பிரியாணி தின்றேன். ஒளித்துத் தின்னவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு தின்றேன். நம் தெருவுக்குச் சரிகை கொண்டுவருகிறவர் அந்த வழியாகப் போனார், கை காட்டினேன், அவரும் காட்டினார். அவ்வளவுதான். இன்றைக்கும் அதில் ஒரு தப்பும் நான் பார்க்கவில்லை. என் வயிற்றுக்கும் பாங்காக் மைதானத்துக்கும் நடுவே எந்தக் குழாயும் போடப்பட்டிருக்கவில்லை.

பிறகு பேப்பரில் வந்தது, ஒரு மூலையில், சின்ன எழுத்தில். தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம், முடிய இன்னும் சற்று நேரம்தான், நமக்குப் பெனால்டி கிடைத்தது, காஞ்சிபுரம் பையன் தவறவிட்டான், நாம் வெளியேறினோம். பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை. நீ திரும்பி வந்த அன்று பஸ் நிலையத்துக்குத் தெருவே வந்தது. மாலையும் வந்தது, யாரும் போடாமல் ஒருத்தர் கையிலேயே இருந்தது. நேரே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், காப்பை அவிழ்க்க வேண்டுமே. நீ எப்படி இருந்தாய் என்பதை அங்கே நான் ஒருவன்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். கன்னம் ஒட்டி, சட்டைக்குள் தோள் எலும்பு தெரிந்தது. பிரயாணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் சத்தத்தில் நோய் கண்டுபிடிக்கிறவனுக்குப் பெற்ற பிள்ளையின் முகத்தில் பசி தெரியவில்லை.

உன் மாமா காப்பைத் தொடவில்லை. எல்லார் முன்னாலும் உன்னை நிற்கவைத்து, "அங்க எதனா கவுச்சி துன்னியாபா? அம்மா முன்னாடி நிக்கற, மறைக்காத" என்று கேட்டார். இல்லை மாமா என்றாய். மெத்தையில் படுத்தாயா என்றார். தரையில்தான் படுத்தேன் என்றாய். தோற்றுவிட்டு வந்தவனிடம், காலில் அடிபட்டதா, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. விரதத்தில் எங்கே ஓட்டை என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. உன் மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அவன் துன்னலன்னா வேற யாரோ துன்னுருக்காங்க. யாருன்னு நான் சொல்லணுமா மச்சான்?" என்றார். சொல்ல வேண்டாம், நான்தான், வாலாஜாபாத்தில், இரண்டு பிளேட் என்றேன். நான் மென்றால் அவன் காலுக்கு வலிக்குமா என்றும் கேட்டேன். அதற்கு உன் மாமா, "காலு வலிக்கல மச்சான். பந்துதான் உள்ள போவல" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் உங்கம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். "நான் மொட்ட போட்டுக்கறேன் மாமா. அத்தோட விட்டுடுங்க." நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்க்கவில்லை. கோயில் வாசலிலேயே நாவிதரை உட்காரவைத்து உன் தலையை வழித்தார்கள். அம்மனுக்குத் தப்புக் காணிக்கை என்று பெயர். யார் செய்த தப்பு? தின்றவன் நான், எனக்கு அது தப்பில்லை. நீ தின்னவே இல்லை. ஆக யாருமே செய்யாத தப்புக்கு உன் தலை மொட்டை. நல்ல பிள்ளை, அப்பன் பாவத்தைத் தலையில் வாங்கிக்கொண்டான் என்று தெருப் பெண்கள் உனக்குத் திருஷ்டி கழித்தார்கள். அன்றிலிருந்து நான் பாவியாகிவிட்டேன். அது எனக்குப் பழகிவிட்டது. சைக்கிளில் போனால் சின்னப் பையன்கள் பின்னாலிருந்து பிரியாணி என்று கத்துவார்கள். நூல் சுற்றுகிற மோட்டார் நின்றுபோனால் முன்பு என்னைத்தான் கூப்பிடுவார்கள், இப்போது உத்திரமேரூரிலிருந்து ஆள் வருகிறான், அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போகிறான். ஆடிக்குக் காப்புக் கட்டுகிறபோது நம் வீட்டு வாசலில் மட்டும் வேப்பிலை கட்டுவதில்லை. உங்கம்மா அதற்காக ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் முழுக்கப் பேசமாட்டாள். இந்தியா தோற்றது என் நாக்கால் என்று ஒரு தெரு முழுக்க நம்புகிறது. நம்பட்டும் என்று விட்டுவிட்டேன், உனக்கு அதனால் வெட்கமாக இருக்கும் என்றுகூட உனக்காக வருத்தப்பட்டேன். போன மாதம்வரை.

போன மாதம் உன் நண்பன் வந்தான், பெங்களூர்க்காரன், அந்த அணியில் கோல்கீப்பராக இருந்தவன். தங்கைக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்தவன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து காபி குடித்தான். உங்கம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பேச்சுவாக்கில் நான், எல்லாம் என் பிரியாணியால் வந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அங்கே எந்தக் குழம்பைத் தொட்டாலும் மீன் வாடை, அதனால் நீ வெறும் சோற்றையும் வாழைப்பழத்தையும் தின்றுகொண்டிருந்தாய் என்றான். கட்டிலில் மெத்தை இருக்க, போர்வையை விரித்துத் தரையில் படுத்தாய். முதல் ஆட்டத்தில் நன்றாக ஓடினாய். இரண்டாவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் திட்டினார், கெஞ்சினார், அணியை விட்டு எடுத்துவிடுவேன் என்று மிரட்டினார். டாக்டர் தனியாக முட்டை அவிக்கச் சொல்லி உன் கையில் கொடுத்தார். "உரிச்ச முட்டைய கையிலயே வெச்சுக்கிட்டு அழுதான் அங்கிள். எங்க தெருவுல எல்லாரும் எனக்காகப் பட்டினி மாதிரி இருக்காங்கன்னான். அப்புறம் என் கையில குடுத்துட்டான். நான்தான் துன்னேன்." அந்தப் பெனால்டியை வேறொருவனிடம் கொடுக்கத்தான் நினைத்தார்களாம், நீ எப்போதும் தவறவிட்டதில்லை என்பதால் கொடுத்தார்களாம். "உதைச்சான்னுகூட சொல்ல முடியாது அங்கிள், பந்து உருண்டு போச்சு. அந்த கீப்பர் குனிஞ்சு, சந்தையில கத்திரிக்கா எடுக்கிற மாதிரி எடுத்துக்கிட்டான்."

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். அழுதேன் என்று நினைக்காதே, எனக்குக் கோபம்தான் வந்தது, உன்மேல். கோயில் வாசலில் உன் கையில் பதில் இருந்தது. நான் பசியோடு ஆடினேன், காலில் பலமில்லை, நீங்கள் கட்டிய காப்புதான் என்னைத் தோற்கடித்தது என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். உன் மாமா வாயடைத்திருப்பார். உங்கம்மா இரண்டு நாள் அழுதிருப்பாள், பிறகு உனக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்திருப்பாள். நம் தெருவில் அடுத்த பையனுக்காவது யாரும் காப்புக் கட்டாமல் இருந்திருப்பார்கள். நீ தலையை நீட்டினாய். அதை ஊர் அடக்கம் என்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருத்தன் உண்மையைச் சொல்லாமல் தண்டனையை வாங்கிக்கொண்டால், சுற்றியிருக்கிறவர்கள் தங்கள் முட்டாள்தனத்தை நியாயம் என்று எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். உன் மாமா இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறார். நல்ல மனுஷன்தான், உனக்காக ஒரு விசேஷத்தைக்கூட விட்டுக்கொடுத்து விரதம் இருந்தவர். அவர் எப்படித் தெரிந்துகொள்வார், உன்னைப் பட்டினி போட்டது தான்தான் என்று? தெரிந்த ஒரே ஆள் நீ.

கிளம்பும்போது உன் நண்பன் இன்னொன்றும் சொன்னான். வடக்கே ஒரு வருடம், கால்பந்துப் பயிற்சியாளர் படிப்பு. உன்னையும் அவனையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவன் போகிறான். நீ வரவில்லை என்று சொல்லிவிட்டாயாம். ஏன் என்று கேட்டதற்கு, மாமனார் வீட்டில் பிடிக்காது, கல்யாணத்துக்குப் பிறகு பட்டுக்கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாயாம். நமக்குச் சம்பந்தி ஆகப் போகிறவரைப் பற்றி எனக்கு அப்போது வாயில் என்னென்னவோ வந்தது. பெண்ணைக் கொடுத்துக் காலை வாங்குகிற ஆளா இவர் என்று மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு நேரே அவர் கடைக்குப் போனேன். உங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கடையில் கூட்டம். மனுஷர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, பாயில் உட்காரவைத்து, கலர் சோடா வரவழைத்தார். நான் சுற்றிவளைக்கவில்லை. என் பையன் பந்தை விட்டால்தான் பெண் கொடுப்பேன் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஐயய்ய, இன்னா சம்பந்தி இது. நான் கேக்கவேயில்லீங்க. மாப்ளையே வந்து, பந்து கிந்தெல்லாம் இத்தோட சரி, கடைக்கி வந்துடறேன்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்சு. எம் பொண்ணு இன்னாடான்னா, பேப்பர்ல வந்த அவரு போட்டாவ வெட்டி பீரோவுல ஒட்டி வெச்சிக்கினு இருக்குது." காப்பை உன் மாமா கட்டினார். இதை யாரும் கட்டவில்லை. ஒருவரும் கேட்காததை நீயாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் கேட்டதாக நண்பனிடம் சொல்லியிருக்கிறாய். எவருக்கோ கோபம் வரலாம் என்று நீயாக நினைத்துக்கொண்டு, அந்தக் கோபம் வருவதற்கு முன்பே பணிந்துவிடுகிறாய். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கும் இதையே செய்வாய். அவள் கேட்காத தியாகங்களை அடுக்கிக்கொண்டே போய், ஒருநாள் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, உன்னால்தான் என் வாழ்க்கை போயிற்று என்று மனதுக்குள் அவளைத் திட்டுவாய். அவளுக்கு அது தெரியவே தெரியாது. கல்யாணம் செய்துகொள்கிறவனுக்கு என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான்: அவளிடம் முடியாது என்று சொல்லப் பழகு. உங்கம்மாவிடம் நான் தினமும் சொல்கிறேன், அவளும் எனக்குத் தினமும் சொல்கிறாள். எங்களுக்குள் சண்டை இருக்கிறது, புழுக்கம் இல்லை. நீ சண்டை போடக்கூட ஆளாகக் கிடைக்கமாட்டேன் என்கிறாய்.

உன்னை எதிலும் வற்புறுத்த எனக்கு உரிமையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை, அதனால் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையிலேயே உட்கார்ந்து உன் மாமனாரிடம் சொல்லிவிட்டேன், கல்யாணம் ஆனதும் பையன் வடக்கே ஒரு வருடம் படிக்கப் போகிறான், பெண் கூடப் போனாலும் சரி, இங்கே இருந்தாலும் சரி என்று. அவர், "போவட்டுமே, அதுக்கென்னா இப்போ, எம் பொண்ணு சந்தோஷப்படும்" என்று சிரித்தார். நிச்சயத்தன்று சபையிலும் சொல்லிவிடுங்கள் என்றார், சரி என்றேன். உன் நண்பனுக்கும் தகவல் அனுப்பிவிட்டேன், நீ வருவாய் என்று. உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவெடுத்தவர்கள் வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன், தெரியும். உன் மாமாவாவது அம்மன் பேரைச் சொல்லிச் செய்தார், எனக்கு அதுவும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதற்கு முன் நான் எழுந்து, என் மகன் பயிற்சியாளர் படிப்புக்குப் போகிறான் என்று சொல்வேன். உன் மாமா இருப்பார், தெருவே இருக்கும். உனக்கு உண்மையாகவே போக இஷ்டமில்லை என்றால், பட்டுக்கடைதான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நீ எழுந்து நின்று, அப்பா சொல்வது பொய், நான் போகவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்துச் சொல். உரக்கச் சொல். எனக்கு அவமானமாக இருக்கும், தாங்கிக்கொள்வேன். நீ வாய் திறக்காமல் தலையாட்டினால், அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு உன்னை ரயிலேற்றிவிடுவேன்.

அப்பா